தொலைபேசிக் கம்பியில் பேசிய கணிப்பொறிகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

விஞ்ஞானம் மனித குலத்துக்கு அளித்துள்ள கொடைகள் எண்ணிலடங்கா. அவற்றுள் கணிப்பொறிக்குத் தனியிடம் உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. இன்று கையளவுக் கைப்பேசியில் விரலை வைத்த மறுகணமே உலகின் மறுகோடியிலிருந்து செய்தி வந்து நிற்கிறது. அது எந்த வழியாக, எப்படி வந்தது என்று நாம் கேட்பதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போல இதுவும் வருகிறது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குத்தானே கயிற்றின் நீளமும் கிணற்றின் ஆழமும் தெரியும்! அதுபோல, வீட்டு மேசைமீது இருந்த ஒரு சின்னஞ்சிறு கணிப்பொறியைத் தொலைபேசியோடு சேர்த்து, எங்கோ இருந்த பெரிய கணிப்பொறியைத் தொட்டவர்களுக்கு அந்த வழியின் ஒவ்வோர் அடியும் தெரிந்திருந்தது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் நடந்த அந்த முயற்சியைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பெரிய பொறியும் சின்னப் பொறியும்

தொடக்கக் காலக் கணிப்பொறிகள் ஓர் அறையையே அடைத்துக்கொண்டன. அவற்றின் விலையோ பல்கலைக்கழகங்களும் அரசாங்கங்களும் பெரிய நிறுவனங்களும் மட்டுமே தாங்கக்கூடியது. எனவே பொறி ஓரிடத்தில் இருக்க, பலர் வெவ்வேறு இடங்களிலிருந்து அதைப் பயன்படுத்த வழி உண்டா என்று அறிஞர்கள் எண்ணலாயினர்.

இதற்கு முதல் சான்று 1940ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவின் ஹானோவர் நகரில், டார்ட்மவுத் கல்லூரியில், கணித அறிஞர்கள் கூடினர். ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பவர் அங்கே ஒரு தந்தித் தட்டச்சுப் பொறியை வைத்து, முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நியூயார்க்கில் இருந்த கணக்கிடும் பொறியிடம் கணக்குகளைக் கொடுத்து விடை வாங்கிக் காட்டினார். அதே கல்லூரியில் 1964ஆம் ஆண்டு ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் 'நேரப் பகிர்வு' முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். மாணவர்கள் எளிதில் கற்கும் பொருட்டு 'பேசிக்' என்னும் கணிப்பொறி மொழியையும் அவர்களே உருவாக்கினர்.

நேரப் பகிர்வு என்றால் என்ன? நாற்பது மாணவியர் உள்ள வகுப்பில் ஆசிரியை ஒவ்வொரு மேசையாகச் சென்று கணக்கைப் பார்த்துத் திருத்துகிறார் அல்லவா? அவர் மிக மிக வேகமாகச் சுற்றிவந்தால், ஒவ்வொருத்தியும் 'டீச்சர் என் பக்கத்திலேயே நிற்கிறார்' என்றுதான் நினைப்பாள். பெரிய கணிப்பொறியும் அப்படியே ஒவ்வொருவருக்கும் நொடியின் சிறு பகுதியை ஒதுக்கி, எல்லோருக்கும் தனித்தனியே வேலை செய்வது போன்ற தோற்றத்தைத் தந்தது.

1975இல் 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. 1977இல் ஆப்பிள் 2, காமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 ஆகிய மூன்றும் வந்தன. கணிப்பொறி முதன்முறையாக வீட்டுக்குள் நுழைந்தது. ஆனால் அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு. முதலில் விற்ற டி.ஆர்.எஸ்.-80இன் நினைவகம் 4 கிலோபைட் மட்டுமே. அதாவது 4,096 ஆங்கில எழுத்துகள். அச்சிட்டால் இரண்டு பக்கம் இருக்கலாம். செய்ததைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவைத்தான் பயன்படுத்தினர். இப்படிப்பட்ட ஏழைப் பொறிக்குச் செய்தித்தாளோ நூலகமோ எட்டுமா? தனியே இருந்தால் எட்டாது. ஆனால் பெரிய கணிப்பொறியோடு பேசத் தெரிந்துவிட்டால், அங்குள்ளதெல்லாம் இதன் திரையில் வரும் அன்றோ! பேசுவதற்கான கம்பியோ ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தது. அதுதான் தொலைபேசிக் கம்பி.

எழுத்து ஒலியானது எப்படி?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. நொடிக்கு ஏறக்குறைய 300 முதல் 3,400 அதிர்வுகள் வரை உள்ள ஒலிகளைத்தான் அது நன்றாகக் கடத்தும். ஆகவே 0, 1 இரண்டையும் ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் ஒலியைத் திரும்ப 0, 1 ஆக்க வேண்டும். இவ்விரு வேலைகளையும் செய்யும் கருவிக்கு 'மோடம்' என்று பெயர். ஒலியின் மீது ஏற்றுவது, ஒலியிலிருந்து இறக்குவது என்னும் பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களின் முற்பகுதிகள் சேர்ந்து பிறந்ததே இப்பெயர்.

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த 'பெல் 103' என்னும் மோடத்தின் முறையே பின்னர் வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் பயன்பட்டது. அம்முறையில், அழைப்பவரின் மோடம் 0 என்பதற்கு நொடிக்கு 1,070 அதிர்வுகள் உள்ள ஒலியையும், 1 என்பதற்கு 1,270 அதிர்வுகள் உள்ள ஒலியையும் எழுப்பும். இசை வகுப்பில் பயிலும் தோழியருக்கு ஒரு செய்தி: இந்த இரண்டு ஒலிகளுக்கும் உள்ள இடைவெளி, ஏறக்குறைய ஷட்ஜமத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளியே! அழைக்கப்பட்டவரின் மோடமோ 2,025, 2,225 என்னும் உயர்ந்த ஒலிகளில் விடை கூறும். ஒருவர் கீழ்க்குரலிலும் மற்றவர் மேல்குரலிலும் பாடுவதால், இருவரும் ஒரே நேரத்தில் பாடினாலும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை.

ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பெரிய 'ஏ' என்றால் 65. அதை இரண்டின் அடுக்கில் எழுதினால் 1000001. எழுத்தின் தொடக்கத்தை அறிவிக்க ஒரு குறியும், முடிவை அறிவிக்க ஒரு குறியும் சேர்த்து, ஓர் எழுத்துக்குப் பொதுவாகப் பத்துக் குறிகள் செல்லும். அந்த மோடம் நொடிக்கு 300 குறிகளை அனுப்பியது. ஆகவே நொடிக்கு 30 எழுத்துகள். வேகமாகப் படிப்பவர்கள் திரையில் எழுத்து வரும் வேகத்துக்குக் கூடவே படித்துக்கொண்டு போகலாம்.

அழைத்த முறை

முதலில் மோடத்தை நேரே கம்பியில் இணைக்க எல்லோருக்கும் உரிமை இருக்கவில்லை. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனத்தின் கம்பியில் வேறு யாருடைய கருவியையும் சேர்க்கக் கூடாது என்று நெடுங்காலம் தடை இருந்தது. 'கார்ட்டர்போன்' என்னும் கருவியைப் பற்றிய வழக்கில் 1968இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அளித்த தீர்ப்பே அந்தத் தடையைத் தளர்த்தியது. இந்தத் தடையைச் சுற்றிச் செல்லத் தோன்றியதே 'ஒலி இணைப்பி'. இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள் உள்ள பெட்டி அது. தொலைபேசியின் கைப்பிடியை அக்கிண்ணங்களில் பொருத்தி வைத்தால், ஒரு கிண்ணம் வாய்ப் பகுதியில் பாடும். மற்றது காதுப் பகுதியில் கேட்கும். அறையில் யாராவது கதவை ஓங்கி அடைத்தால் அந்த ஓசையும் உள்ளே புகுந்து, திரையில் பொருளற்ற எழுத்துகள் தோன்றும்!

பயன்படுத்துகிறவர் செய்ய வேண்டியவை வருமாறு: முதலில் கணிப்பொறியில் 'முனையச் செயல்நிரல்' ஒன்றை ஏற்ற வேண்டும். பிறகு வேகம் 300 என்று இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி அமைக்க வேண்டும். எண்ணைச் சுழற்றி, மறுமுனையிலிருந்து 'கீ...' என்று நீண்ட ஒலி கேட்டதும் கைப்பிடியைக் கிண்ணங்களில் அமர்த்த வேண்டும். திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அவை சரியாக இருந்தால் கதவு திறக்கும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. விசையைத் தட்டியதும் திரையில் தெரியும் எழுத்து, பெரும்பாலும் நம் பொறி போட்டது அன்று! அவ்வெழுத்து கம்பி வழியே தொலைவிலுள்ள கணிப்பொறிக்குச் சென்று, அது திருப்பி அனுப்பிய பின்னரே திரையில் தோன்றும். தோன்றிவிட்டால், சரியாகப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நம் பொறியும் தன் பங்குக்கு எழுத்தைப் போட்டால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரியும்.

1981இல் டென்னிஸ் ஹேய்ஸ் என்பவரின் நிறுவனம் 'ஸ்மார்ட்மோடம்' என்னும் கருவியை வெளியிட்டது. அதன் பின் கணிப்பொறி தானே எண்ணைச் சுழற்றலாயிற்று. 'கவனி' என்பதைக் குறிக்கும் 'ஏ', 'டி' என்னும் இரண்டு எழுத்துகளோடு கட்டளையைத் தொடங்கினால் மோடம் கேட்டு நடக்கும். ஆனால் இணைப்புக் கிடைத்த பின் தட்டுவதெல்லாம் மறுமுனைக்கல்லவா போய்விடும்! அப்போது மோடத்தை எப்படி அழைப்பது? ஒரு நொடி அமைதியாக இருந்து, மூன்று கூட்டல் குறிகளைத் தட்டி, மீண்டும் ஒரு நொடி அமைதியாக இருந்தால், தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று அது புரிந்துகொள்ளும். நெரிசலான கூடத்தில் அமைதி காட்டித் தோழியை அழைப்பது போன்ற தந்திரம் இது.

தலை எண்ணும் முறை

கம்பியில் இரைச்சல் இருந்தால் எழுத்துகள் கெட்டுப்போகும். கடிதத்தில் ஓர் எழுத்து கெட்டால் படித்துக்கொள்ளலாம். கணிப்பொறிச் செயல்நிரலில் ஓர் எழுத்து கெட்டால் முழுவதும் வீண். இதற்கு 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் என்னும் சிகாகோ பொறியாளர் கண்ட வழியே பின்னர் 'எக்ஸ்மோடம்' எனப் பெயர் பெற்றது.

கல்விச் சுற்றுலாவின்போது ஒவ்வோர் இடத்திலும் பேருந்தில் ஏறியதும் ஆசிரியை தலைகளை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் வண்டி நகரும். எக்ஸ்மோடமும் அப்படியே. செய்தியை 128 எழுத்துகள் கொண்ட கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் எண்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் கடைசிப் பகுதியையும் கட்டோடு அனுப்பும். பெறுகின்ற பொறியும் தானே கூட்டிப் பார்க்கும். ஒத்துவந்தால் 'சரி' என்று ஒரு குறி அனுப்பும்; ஒத்துவராவிட்டால் 'மறுபடியும் அனுப்பு' என்று வேறொரு குறி. முன்னது கிடைத்த பிறகே அடுத்த கட்டு புறப்படும். இவ்வளவு எளிய முறை என்பதாலேயே ஏறக்குறைய எல்லா வகைச் சிறு கணிப்பொறிகளும் அதை ஏற்றுக்கொண்டன.

மறுமுனையில் இருந்தவை

1978 ஜனவரியில் சிகாகோ நகரைப் பெரும் பனிப்புயல் முடக்கிப் போட்டது. வீட்டை விட்டு வெளியேற முடியாத அந்நாட்களில் கிறிஸ்டென்சனும் அவருடைய நண்பர் ராண்டி சூஸும் ஒரு யோசனையில் இறங்கினர். தங்கள் கணிப்பொறிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையைக் கணிப்பொறிக்குள்ளேயே வைத்தால் என்ன? அவ்வாண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அந்தப் பலகை திறக்கப்பட்டது. தொலைபேசி மணி அடித்தால் கணிப்பொறி தானே விழித்துக்கொள்ளும்படி சூஸ் அமைத்திருந்தார். அழைப்பவர் பிறர் எழுதியதைப் படிக்கலாம். தாமும் எழுதி வைக்கலாம். ஆனால் ஒரு தொலைபேசி இணைப்பே இருந்ததால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே இருக்க முடியும். விடுதியில் ஒற்றைத் தொலைபேசிக்கு முன் வரிசையில் நிற்பவர்களுக்கு இதன் பொருள் நன்கு புரியும்! விரைவில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பலகைகள் தோன்றின.

இன்னொரு புறம் பெரிய நிறுவனங்களும் வந்தன. ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த 'கம்ப்யூசர்வ்' நிறுவனம் பகலில் வணிக நிறுவனங்களுக்குக் கணக்கு வேலை செய்தது. மாலைக்குப் பின் அதன் பெரிய கணிப்பொறிகள் சும்மா கிடந்தன. அந்த ஓய்வு நேரத்தை 1979இல் வீட்டுக் கணிப்பொறி வைத்திருப்போருக்கு வாடகைக்கு விட்டது. அதே ஆண்டில் 'தி சோர்ஸ்' என்னும் சேவையும் தொடங்கியது. செய்திகள், மின்னஞ்சல், விளையாட்டு, உரையாடல் எனப் பலவும் அவற்றில் கிடைத்தன.

தொலைவில் இருப்பவர் வெளியூர் அழைப்புக்கு ஏராளமாகச் செலவிட வேண்டாமா? இதற்குக் கைகொடுத்ததே 'பொட்டலப் பரிமாற்றம்'. செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி, பலருடைய பொட்டலங்களையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவதே அம்முறை. அமெரிக்காவின் பால் பேரனும் பிரிட்டனின் டொனால்ட் டேவிசும் 1960களில் தனித்தனியே இதைச் சிந்தித்தனர். அம்முறையில் அமைந்த 'ஆர்ப்பாநெட்' வலையில் 1969 அக்டோபர் 29 அன்று முதல் செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்னும் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததுமே மறுமுனைப் பொறி நின்றுவிட்டதாம்! 1975 முதல் 'டெலிநெட்' என்னும் நிறுவனம் இதே வசதியைக் கட்டணத்துக்கு அளித்தது. வீட்டிலிருப்பவர் உள்ளூர் எண் ஒன்றை அழைத்தால் போதும். மிச்சத் தொலைவைப் பொட்டலங்கள் கடந்துவிடும்.

காசும் காலமும்

இத்தனை வசதியும் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1981இல் சான்பிரான்சிஸ்கோ தொலைக்காட்சி ஒன்றில் ஒரு செய்தி வந்தது. செய்தித்தாள் முழுவதையும் கம்பி வழியே வீட்டுக் கணிப்பொறியில் பெற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றும், மணிக்கு 5 டாலர் கட்டணம் என்றும் அதில் கூறினர். தெருவில் விற்ற செய்தித்தாளின் விலையோ 20 சென்ட். அதாவது காகிதத்தைப் போல் ஐம்பது மடங்கு!

எங்கள் வகுப்பில் நாங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். இன்று கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்று 20 இலட்சம் பைட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 30 வீதம் அனுப்பினால் 66,667 நொடிகள், அதாவது பதினெட்டரை மணி நேரம் ஆகும். இன்று ஒரு நொடியில் அனுப்பிவிட்டு, அடுத்த நொடியில் அதை மறந்தும் விடுகிறோம். அன்று காலம் காசாக ஓடியதால், என்ன எழுத வேண்டும் என்பதை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, பிறகே எண்ணைச் சுழற்றினர்.

காசில்லாதோருக்கும் வழி பிறந்தது. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் 'ஃபைடோநெட்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். இரவில் கட்டணம் குறைந்ததும், பலகைக் கணிப்பொறிகள் ஒன்றையொன்று தாமே அழைத்துக் கடிதங்களை மாற்றிக்கொள்ளும். கட்டணம் குறையும் வரை எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியே காத்திருந்த நம் பெற்றோருக்கு இந்தச் சிக்கனம் நன்றாகவே விளங்கும். ஊர் விட்டு ஊர் தாவி, சில நாட்களில் கடிதம் உரியவரிடம் சேர்ந்துவிடும்.

ஒரே கம்பியில் இருவகை மருத்துவர்

கருவி எதுவானாலும் அதன் பின்னால் இருப்பவர் மனிதரே. இதை விளக்க இரண்டு உண்மை நிகழ்ச்சிகளை இங்கே கூறுவோம்.

1984இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் டாம் கிரண்ட்னர் என்னும் பேராசிரியர், மருத்துவ நிலையங்கள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்காக ஆப்பிள் 2 கணிப்பொறி ஒன்றையும் 300 வேக மோடம் ஒன்றையும் வைத்தார். அந்த எண்ணை எப்படியோ அறிந்த வெளியார் ஒருவர் உள்ளே வந்து, தம் உடல்நலம் பற்றிய ஒரு கேள்வியை எழுதி வைத்துவிட்டார். 'அனுமதியின்றி வந்தவர்' என்று கிரண்ட்னர் அவரைத் துரத்தவில்லை. மருத்துவரைக் கேட்க வழியற்றவர் எத்தனை பேர் இருப்பர் என்று எண்ணினார். அதன் பயனாக, யாரும் கேள்வி கேட்கலாம், 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் விடை எழுதுவார் என்னும் இலவசச் சேவை பிறந்தது. அதற்கு 'செயின்ட் சிலிக்கான் மருத்துவமனை' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அதுவே 1986இல் 'கிளீவ்லாந்து ஃப்ரீநெட்' என்னும் இலவச நகர வலையாக வளர்ந்து, 1999 வரை நடந்தது.

இனி மற்றொரு நிகழ்ச்சி. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கம்ப்யூசர்வ் உரையாடலில் 'ஜோன்' என்னும் பெயருடைய ஒரு பெண் பலருக்கும் தோழியானார். விபத்தினால் நடக்கவும் பேசவும் இயலாதவர் என்று தம்மைப் பற்றிக் கூறினார். அவருடைய மனவுறுதியைக் கண்டு நெகிழ்ந்த பெண்கள் பலர், வீட்டில்கூடச் சொல்லாத துயரங்களை அவரிடம் எழுதினர். இறுதியில் உண்மை வெளிப்பட்டது. 'ஜோன்' என்று ஒருவரே இல்லை! நியூயார்க்கைச் சேர்ந்த ஆண் மனநல மருத்துவர் ஒருவரே அப்பெயரில் எழுதிவந்தவர். 1985இல் 'மிஸ்' என்னும் இதழில் லிண்ட்சி வான் கெல்டர் இதை விரிவாக எழுதியபோது பலர் அதிர்ந்தனர்.

தோழியரே, இரண்டிலும் கம்பி ஒன்றே. இரண்டிலும் மறுமுனையில் இருந்தவர் மருத்துவரே. அங்கே முகம் தெரியாத ஏழைக்கு விடை கிடைத்தது. இங்கே முகம் தெரியாத நம்பிக்கைக்கு ஏமாற்றம் கிடைத்தது. நொடிக்கு 30 எழுத்தே வந்த காலத்திலேயே இது நடந்தது என்றால், படமும் குரலும்கூட விரும்பியபடி மாறக்கூடிய இக்காலத்தில் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! 'யாரோடு பேசுகிறாய்?' என்று அம்மா கேட்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஜோனிடம் மனம் திறந்தவர்கள் சிறு பிள்ளைகள் அல்லர். படித்த, வயதில் முதிர்ந்த பெண்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இல்லாமற் போயிற்று.

பூட்டாத கதவு

1983இல் மில்வாக்கி நகரைச் சேர்ந்த இளைஞர் சிலர், வீட்டுக் கணிப்பொறியையும் மோடத்தையும் கொண்டு டெலிநெட் வழியே பல கணிப்பொறிகளுக்குள் நுழைந்தனர். தங்கள் ஊரின் தொலைபேசிக் குறியீட்டெண்ணால் '414' என்று தங்களை அழைத்துக்கொண்டனர். அவர்களுள் சிலர் பள்ளி வயதினர். அணு ஆய்வு நடக்கும் லாஸ் அலமோஸ் கூடத்தின் கணிப்பொறியும், நியூயார்க்கின் புகழ்பெற்ற ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையின் கணிப்பொறியும் அவற்றுள் அடங்கும். பெரிய மாயவித்தை எதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கணிப்பொறி விற்பனைக்கு வந்தபோது தயாரித்தவர் வைத்திருந்த கடவுச்சொல்லைப் பலர் மாற்றாமலே விட்டிருந்தனர், அவ்வளவுதான்.

நோயாளிகளுக்குத் தீங்கு நேரவில்லை. ஆயினும் மருத்துவமனையில் சில பதிவுகள் அழிந்தன. விளையாட்டாகத்தான் செய்தோம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். திரையில் அவர்களுக்குத் தெரிந்தவை எழுத்துகள் மட்டுமே. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் படுக்கையில் கிடந்த நோயாளி தெரியவில்லை. பிறர் வீட்டுக் கதவு பூட்டாமல் இருந்தாலும் நாம் உள்ளே போவதில்லை. கணிப்பொறிக்கும் அதே நீதிதான் என்பதைச் சட்டமாக எழுத வேண்டியிருந்தது. அமெரிக்கா 1986இலும் பிரிட்டன் 1990இலும் அத்தகைய சட்டங்களை இயற்றின.

நம் நாட்டில்

நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு 'எர்னெட்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலை தொடங்கப்பட்டது. அதில் பங்குகொண்ட எட்டு நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று என்பது நமக்குப் பெருமை. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதன் பிறகே சென்னை போன்ற பெருநகர வீடுகளில் மோடத்தின் கீச்சொலி கேட்கலாயிற்று.

ஆனால் அந்தக் கம்பியில் நம் தாய்மொழி செல்லவில்லை! பழைய எழுத்துக் குறியீட்டில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. அவை ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்குமே சரியாகிவிட்டன. 247 எழுத்துகள் உடைய தமிழுக்கு அங்கே ஓர் இடமும் இல்லை. தமிழர்கள் தமிழையே ஆங்கில எழுத்துகளில் எழுதிக்கொண்டனர். 1991இல் வெளியான 'யூனிகோடு' என்னும் உலகக் குறியீட்டில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. 1999இல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் பயனாகத் தமிழ் விசைப்பலகைக்கும் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. இன்று நாம் அம்மாவுக்குத் தமிழிலேயே செய்தி அனுப்புகிறோம் என்றால் அது தானாக வந்த வசதி அன்று. பலர் உழைத்துப் பெற்றுத் தந்தது.

முடிவுரை

ரப்பர்க் கிண்ணங்கள் இன்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. தொலைபேசிக் கம்பியில் பாடிய மோடங்களின் குரலை நம் வயதினர் பெரும்பாலோர் கேட்டதே இல்லை. ஆனால் எழுத்தை எண்ணாக்குவது, கட்டுகளாகப் பிரிப்பது, கூட்டிச் சரிபார்ப்பது, முகவரி எழுதி அனுப்புவது என்னும் அடிப்படைகள் யாவும் நம் கைப்பேசிக்குள் இன்றும் நடக்கின்றன. எனவே அந்தச் சின்னப் பொறிகளை நாம் பழைய பொருள் என்று எள்ளி ஒதுக்கலாகாது.

அன்று ஓர் எழுத்தைத் தட்டியவர், அது தொலைவிலுள்ள பொறிக்குப் போய்த் திரும்பி வருகிறதா என்று ஒரு கணம் காத்திருந்தார். நாமும் செய்தியை அனுப்பும் முன் அந்த ஒரு கணம் காத்திருப்போம். இது உண்மையா, இது யாரைச் சென்றடையும், அவர் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்ப்போம். கடவுச்சொல்லைக் காப்போம், பிறர் கதவை மதிப்போம். கேள்வியோடு வந்த முகமறியாதவருக்குக் கிளீவ்லாந்தில் கிடைத்ததைப் போன்ற நல்ல விடையை, நம்மிடம் கேட்பவருக்கும் கொடுக்க முயல்வோமாக!